என் மாமியாருக்கு வந்த கோடிப் புடவை

என் மாமியாரின் கண்ணாடி வளையல் முழங்கைக்கு ஏறிவிட்டதை முதலில் கண்டுபிடித்தவர் எதிர்வீட்டுப் பெரியம்மா. எங்கள் ஊரில் வயதான பெண்களின் உடம்பை எடை பார்க்க வேறு கருவி கிடையாது. கையைத் தூக்கும்போது வளையல் மணிக்கட்டுக்குச் சற்று மேலே நின்றால் கவலை இல்லை. முன்கையில் பாதி தூரம் போனால் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முழங்கையைத் தொட்டுவிட்டால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். இதை யார் எப்போது சட்டமாக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. பிரெஞ்சுக்காரன் போட்ட சட்டங்களைவிட இதற்கு எங்கள் தெருவில் மரியாதை அதிகம்.

நான் சொல்வது பெரிய உலகச் சண்டை ஆரம்பிப்பதற்கு முந்தைய காலம். எங்கள் கிராமம் மடுகரைக்குப் பக்கத்தில், எல்லையை ஒட்டி இருந்தது. நாங்கள் பிரெஞ்சுக்காரன் பக்கம். எங்கள் கரும்புக் கொல்லையின் கடைசி வரப்பைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் பக்கம். என் மாமியார் பிறந்த ஊர் அந்தப் பக்கத்தில், கூப்பிடு தூரத்தில் இருந்தது. நடுவில் இங்கிலீஷ்காரனின் சுங்கச் சாவடி. பெண் கொடுக்கலாம், எடுக்கலாம், கருமாதிக்குப் போய் வரலாம், அதை யாரும் கேட்க மாட்டார்கள். பட்டும் சாராயமும் எங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால்தான் கேட்பார்கள். அப்போது மட்டும் விடாமல் கேட்பார்கள்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஆறு வருஷமாகியும் உப்புப் பானையைத் தொட்டதில்லை. காய் நறுக்குவேன், அம்மி அரைப்பேன், அடுப்பு ஊதுவேன். குழம்பு கொதிக்கும் நேரத்துக்கு மாமியார் மாட்டுக் கொட்டகையிலிருந்து வருவார், கையைக் கழுவுவார், உப்பைப் போடுவார், போய்விடுவார். ஊரார் கேட்டால் குழம்பு வைத்தது அவர். இரண்டு பசுவையும் அவர்தான் கறப்பார். வறட்டி அவர் தட்டினால்தான் எரியும் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவருக்கு அப்போது எழுபது வயது இருக்கலாம். சரியாக யாருக்குத் தெரியும்? பிறந்த ஊரில் பெரிய வெள்ளம் வந்த வருஷம் பிறந்ததாகச் சொல்வார். அந்த ஊரில் எல்லா வருஷமும் வெள்ளம் வரும்.

இப்போது யோசித்துப் பார்த்தால் விழுவதற்கு முன்னாலேயே எல்லாம் தெரிந்திருக்கிறது. ஏரிக்கரைக்குப் போகும் வழியில் ஒருமுறையும் உட்காராதவர் இரண்டு முறை உட்கார ஆரம்பித்தார். தூணைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. பல் போனதும் கூழோடு நிறுத்திக்கொண்டார், பருப்பையும் கறியையும் மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டார். நாங்கள் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் அம்மா தள்ளிய கறித்துண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, எங்க அம்மா மாதிரி உண்டா என்று என்னைப் பார்த்துக் கேட்பார்.

ஐப்பசி மழையில் கொட்டகைத் தரை வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. கட்டுப் போடுபவர் வந்து இடுப்பைத் தடவிப் பார்த்து, பத்து நாள் படுக்கையில் இருக்கட்டும் என்றார். என் வீட்டுக்காரருக்குப் பத்து நாள் போதவில்லை.

"இனிமே நீ ஒரு துரும்பக்கூட நவுத்தக் கூடாதும்மா. கட்டில்லயே இரு. எல்லாத்தயும் அவ பாத்துக்குவா."

அந்த 'அவ' நான்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதல் நாள் உப்புப் பானையின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். அதில் இருந்தது உப்புதான், வேறொன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் வைத்த குழம்பை என் குழம்பு என்று நானே இரண்டு பேரிடம் சொல்லிக்கொண்டேன். கறவையும் எனக்கு வந்தது. மாமியார் எழுந்திருக்கப் பார்த்தால், "நீங்க படுங்க அத்தே" என்று ஓடிப்போய்ப் பிடித்துப் படுக்க வைப்பேன். என்னைப் போல மருமகள் கிடைக்க வேண்டும் என்று தெருவே சொன்னது.

முதல் வாரம் அவர் கட்டிலில் இருந்தபடியே கத்தினார். பால் கறக்கும் சத்தத்தை வைத்தே காம்பைத் தப்பாகப் பிடிக்கிறேன் என்று கண்டுபிடித்துத் திட்டினார். இரண்டாம் வாரம் முணுமுணுத்தார். மூன்றாம் வாரம் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார்.

"கொழம்பு எப்படி இருக்குது அத்தே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நல்லா இருக்குது" என்றார்.

ஆறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கிண்ணத்தை எடுத்துப் பார்த்தால் அவர் பாதிகூடச் சாப்பிடவில்லை. நானே வாயில் விட்டுப் பார்த்தேன். அன்றைக்கு உப்புப் போடவே மறந்திருக்கிறேன். கிணற்றடிக்குப் போய் அழுதேன். எனக்கு வேண்டியிருந்தது உப்புப் பானை மட்டும்தான். அந்த மனுஷியின் உயிர் போக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நான் செய்த சேவையிலேயே அவர் செத்துப்போவாரோ என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது.

எங்கள் மாமனார் அதிகம் பேசாதவர். தினமும் விடிந்ததும் மண்வெட்டியோடு வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்க்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இருக்கியா?"

"இருக்கறேன்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். கொல்லைக்குப் போய்விடுவார். அந்தப் பதில் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் அவர் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

ஊர்ப் பெண்கள் பார்க்க வர ஆரம்பித்தார்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். ரொட்டி கொண்டுவருவார்கள், வாழைப்பழம் கொண்டுவருவார்கள், கூடவே ஒரு செத்த கதையையும் கொண்டுவருவார்கள். எங்க சின்னத்தையும் இப்படித்தான் வழுக்கி விழுந்தா, ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க, தையில பூட்டா என்றாள் ஒருத்தி. எங்க ஓரவத்தி சாப்பாட்டக் கொறச்சா, மூணே மாசம் என்றாள் இன்னொருத்தி. தூக்கம் கெட்டுப் போனவள், மறதி வந்தவள், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் போனவள் என்று ஒவ்வொருவரும் ஆளுக்கொரு வழியில் செத்திருந்தார்கள். எல்லாவற்றையும் என் மாமியார் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். வந்தவர்கள் கொண்டுவந்த ரொட்டியை நாங்கள் பாலில் ஊறவைத்துக் கொடுத்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது.

இந்த விஷயத்தில் எதிர்வீட்டுப் பெரியம்மாதான் பெரிய கை. பாதத்தை அமுக்கிப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார், காது மடலை மடக்கிப் பார்ப்பார். இதுவரை சொன்ன நாள் தப்பியதில்லை என்று சொல்வார். தப்பியவர்களைப் பற்றிப் பேசினால் அவர்கள் வேறு தெரு என்பார். அவர்தான் என் மாமியாரின் கையைத் தூக்கிப் பிடித்தார். வளையல் சரசரவென்று இறங்கி முழங்கையில் போய் நின்றது. பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

பயந்துபோன என் வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒருமுறை குதிரை வண்டியில் வருகிற சர்க்கார் டாக்டரைக் கையோடு கூட்டி வந்தார். புதுச்சேரிக்காரர், தொப்பி வைத்தவர், எல்லோரும் அவரை முசே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என் மாமியாரை மதாம் என்று கூப்பிட்டார். அது கெட்ட வார்த்தை இல்லை என்று தெரிந்துகொள்ள மாமியாருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

டாக்டர் நாடி பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். பிறகு வைத்தியத்துக்குச் சம்பந்தமில்லாத வேலை எல்லாம் செய்தார். ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். முடியவில்லை. தன் இரண்டு விரலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தது டாக்டருக்குத் தெரியவே இல்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. இந்த வருஷம் எத்தனை முறை விழுந்தீர்கள் என்று கேட்டார். ஒரு முறை என்றார் மாமியார். மூன்று என்று நான் சொன்னேன், முறைத்தார். என்ன சாப்பிடுகிறார், யாரோடு பேசுகிறார், நாள் முழுக்க என்ன வேலை செய்கிறார் என்று டாக்டர் எங்களைக் கேட்டார்.

"ஒரு வேலையும் செய்ய வுடுறதில்ல முசே. கட்டில வுட்டு எறங்கவே வுடுறதில்ல" என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார்.

டாக்டர் தொப்பியைக் கழற்றினார். "நல்லா கவனிச்சிக்கிறீங்க. இப்படியே இன்னும் ரெண்டு மாசம் கவனிச்சா போதும், வேல முடிஞ்சிடும்."

"ரொம்ப சந்தோஷம் முசே" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். தினமும் பிடித்து நடக்க வைக்க வேண்டும், முட்டையும் பருப்பும் குழையக் குழையக் கொடுக்க வேண்டும், கொட்டகைத் தரையில் மணல் கொட்ட வேண்டும், உட்கார்ந்து செய்கிற வேலையாவது கொடுக்க வேண்டும், படுக்கவே விடக் கூடாது என்றார். மருந்து என்று கேட்டதற்கு, மருந்து ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தொப்பியை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. வாசலில் காத்திருந்த பெண்களுக்கு மற்றது எதுவும் காதில் விழவில்லை. டாக்டர் ஊசி போடவில்லை, சீசாவில் தண்ணீர் மருந்துகூடக் கொடுக்கவில்லை.

"மருந்தே குடுக்கலன்னா இன்னா அர்த்தம்? கைய வுட்டுட்டாருன்னு அர்த்தம்" என்றார் எதிர்வீட்டுப் பெரியம்மா. "தொப்பிய வேற கழட்டுனாரு. நான் பாத்தேன். வெள்ளிக்கெழமைய தாண்டாது."

தெரு அதை ஒப்புக்கொண்டது. என் வீட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்து அழுதார். நான் மட்டும் டாக்டர் சொன்னதைச் செய்து பார்ப்போம் என்று உப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போனேன்.

"அத்தே, நீங்களே போடுங்க. எனக்குக் கைப்பக்குவம் வரல."

அவர் கண்ணைத் திறந்து பானையைப் பார்த்தார். "நீயே போடு. இனிமே உன் வூடுதான்" என்றார். திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எத்தனையோ ராத்திரி நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. இப்போது கேட்டதும் பானையைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது.

பெரியம்மா அன்றைக்கே எல்லை தாண்டி ஆள் அனுப்பிவிட்டார். மாமியாருக்கு ஒரே தம்பி. முறைக்கு எனக்குச் சித்தப்பா. பிள்ளைகள் இல்லாதவர், மெலிந்த மனுஷன், எதற்கெடுத்தாலும் கண் கலங்கிவிடும். எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வந்து போர்த்தினால்தான் தூக்குவார்கள். புருஷன் இருக்கச் செத்தால் புடவை கலராக, நன்றாக இருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவருடைய மூத்த அக்கா செத்தபோது சித்தப்பா கோடிப் புடவை வாங்கிவரத் தாமதமாகிவிட்டது. பொழுது சாயும் வரை பிணம் வாசலில் காத்திருந்தது. பறையடித்தவர்கள் இரண்டு முறை சாப்பிட்டுவிட்டு வந்து அடித்தார்கள். கூடப் பிறந்தவளை வெயிலில் காய வைத்தவன் என்று சம்பந்தி வீட்டார் அவரைச் சபையில் வைத்துக் கேட்டார்கள். அந்த அவமானம் அவர் மனதில் ஆறவே இல்லை. அடுத்த அக்காவுக்கு ஒரு நாழிகைகூடத் தாமதிக்க மாட்டேன் என்று சபதம் செய்திருந்தார்.

சபதத்தை நிறைவேற்ற வியாழக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். தலையில் ஒரு கூடை. கூடைக்குள் பட்டுப்புடவை, மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு. வாடிப்போகும் என்று மாலை மட்டும் வாங்கவில்லை.

"மால இங்கயே கெடைக்குமில்ல?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

கூடையை வாங்கி நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சித்தப்பா அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாமியார் ஒரு முறை கண் திறந்து, "ஏண்டா அழுவுற? உன் பொண்டாட்டி திட்டுனாளா?" என்று கேட்டார். அதற்கும் அழுதார்.

வெள்ளிக்கிழமை வந்தது. தெருவில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. வாசலில் பெண்கள் தலையை வாராமல் உட்கார்ந்திருந்தார்கள், எப்படியும் அவிழ்க்கத்தானே போகிறோம் என்று. மாமியார் காலையில் அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தார், மத்தியானம் அரைக் கிண்ணம் குடித்தார். வெள்ளிக்கிழமை போய்விட்டது. பஞ்சாங்கத்தில் ஏதோ பிசகு இருக்கிறது என்றார் பெரியம்மா. சனியும் ஞாயிறும் போயின. சித்தப்பா ஐந்து நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டார், நடவு வேலை அங்கே நின்றுபோய்க் கிடந்தது. திங்கட்கிழமை காலையில் கூச்சத்தோடு கிளம்பினார். சாவு நடக்காத வீட்டில் கோடிப் புடவையை வைத்துவிட்டுப் போகக் கூடாது. அது வா என்று கூப்பிடுவது போல ஆகிவிடும். ஆகவே கூடையையும் தலையில் தூக்கிக்கொண்டார்.

"தப்பா நெனைக்காத. தேவைப்பட்டா ஒடனே கொண்டாந்துடுறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போய் ஒரு மணி நேரம் இருக்காது. சாவடிச் சேவகர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கம் அவருக்கு அதிகாரம் கிடையாது என்பதால் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். நேராகக் கட்டில் வரை வந்துவிட்டு, "இந்த வூட்ல செத்தவங்க யாரு?" என்று கேட்டார்.

"இன்னும் யாரும் இல்ல. இன்னா விஷயம்?" என்றார் மாமியார்.

சேவகர் தலையைச் சொறிந்தார். "ஒரு ஆளு பட்டுப்பொடவயோட மாட்டிக்கினு நிக்கிறாரு. அக்கா சாவுக்குக் கொண்டாந்தேன், அக்கா சாவல, அதனால திருப்பிக் கொண்டு போறேன்றாரு. பாண்டில வாங்கிக் கடத்துறாருன்னு எங்க அய்யா சொல்றாரு. கோடித்துணி திரும்பி வந்து எந்த ஊர்லயாவது கேட்டிருக்கிறீங்களா?"

நான் பக்கத்தில் போய்ப் பேச்சை மாற்றப் பார்த்தேன். மாமியார் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். வளையல் முழங்கைக்குப் போனது.

"எனக்கா கோடி எடுத்தாந்தான்?"

நான் நெல் குதிர் பக்கம் பார்த்தேன்.

"இன்னா கலரு?" என்று சேவகரைக் கேட்டார்.

"அரக்குக் கலரும்மா. மாம்பழக் கலர்ல கர."

"பட்டா?"

"பட்டுதான். நல்ல பட்டு."

மாமியார் என் பக்கம் திரும்பினார். "என் கல்யாணத்துக்கு எங்கப்பன் வூட்ல நூல் பொடவதான்டி எடுத்தாங்க. அதுவும் கால் எட்டல" என்று என்னிடம் சொன்னார். அப்புறம் கட்டில் சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றினார். ஒரு மாதமாகப் படுத்தே இருந்த உடம்பு, ஒரே தடவையில் வரவில்லை. இரண்டு தரம் எழுந்து இரண்டு தரமும் உட்கார்ந்தார். நான் பிடிக்கப் போனேன்.

"வுடுடி" என்றார். வெகுநாளைக்குப் பிறகு அவர் என்னை அதட்டினார்.

என் வீட்டுக்காரர் வில்லியனூர்ச் சந்தைக்குப் போயிருந்தார். மாமனார்தான் வண்டி பூட்டினார். எங்கே போகிறோம் என்றுகூட அவர் கேட்கவில்லை. நாங்கள் ஏறியதும் எதிர்வீட்டுப் பெரியம்மாவும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்து ஏறிக்கொண்டார். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் பக்கத்தில் விவரம் தெரிந்தவர்கள் வேண்டும் என்றார்.

சாவடியின் மூங்கில் தடுப்புக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து அதிகாரியின் மேஜைக்கு முப்பது அடி நடை இருக்கும். மாமியார் ஒரு கையை என் தோளில் போட்டுக்கொண்டார். அந்தக் கை எவ்வளவு லேசாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. சித்தப்பா தரையில் கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அக்காவைப் பார்த்ததும் வழக்கம்போல அழ ஆரம்பித்தார்.

"இவங்கதான் அய்யா. இவங்களுக்குத்தான் வாங்குனேன்" என்றார்.

அதிகாரி மூக்குக்கண்ணாடி வழியாக மாமியாரைப் பார்த்தார். "உசுரோட இருக்கறாங்களே?"

"ஆமாங்க."

"உசுரோட இருக்கறவங்களுக்குக் கோடி எதுக்கு?"

"வெள்ளிக்கெழமன்னு சொன்னாங்க. நடக்கல."

"அப்போ எப்போ நடக்கும்?"

எதிர்வீட்டுப் பெரியம்மா முன்னால் வந்து, "வர வெள்ளிக்கெழம நிச்சயமுங்க. வளையல பாருங்க, மொழங்கைக்கு வந்துடுச்சு" என்று சாட்சி சொன்னார். என் மாமியாரின் கையைத் தூக்கிக் காட்டவும் வந்தார்.

மாமியார் அந்தக் கையை உதறினார். "உன் வளையல் எங்க நிக்குதுன்னு மொதல்ல பாரு" என்றார். பெரியம்மா உண்மையிலேயே பார்த்துக்கொண்டார்.

அதிகாரி நல்லவர்தான், ஆனால் சட்டம் தெரிந்தவர். கட்டாத புதுப் பட்டு எல்லை தாண்டினால் தீர்வை கட்ட வேண்டும் என்றார். சாவு நடக்கவில்லை, ரசீதும் இல்லை, அதனால் புடவையைப் பறிமுதல் செய்யத்தான் முடியும் என்றார்.

"கட்டுன பொடவையா இருந்தா?" என்று மாமியார் கேட்டார்.

"கட்டுன துணிக்குத் தீர்வ கெடையாது."

மாமியார் குனிந்து கூடையிலிருந்து புடவையை எடுத்தார். ஒரு உதறு உதறினார். அரக்குப் பட்டு வெயிலில் பளபளத்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டே, கட்டியிருந்த நூல் புடவைக்கு மேல் அதைச் சுற்ற ஆரம்பித்தார். எனக்குச் சட்டென்று புரிந்து கொசுவம் மடித்துக் கொடுத்தேன். எல்லை ஊர்ப் பெண்கள் அந்தக் காலத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று புடவை கட்டிக்கொண்டு சாவடியைத் தாண்டியது உண்டு. ஆனால் தன் கோடியைத் தானே கட்டிக்கொண்டவர் என் மாமியார் ஒருவர்தான். பெரியம்மா ஐயையோ என்று வாயில் அடித்துக்கொண்டார். மாமனார் வண்டியில் இருந்து எட்டிப் பார்த்தார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"இப்போ இது கட்டுன பொடவதானே?" என்றார் மாமியார். "இனிமே அந்தப் பக்கமும் போவாது. என்கூட என் வூட்டுக்கு வருது. எழுதிக்கோ."

அதிகாரிக்கு எழுத ஒன்றும் இல்லை. தடுப்பைத் தூக்கச் சொன்னார். சித்தப்பா வெறுங்கூடையோடு அந்தப் பக்கம் போனார், நாங்கள் பட்டோடு இந்தப் பக்கம் வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் பசிக்கிறது என்றார். குழம்பை ஊற்றினேன். ஒரு வாய் வைத்தார், முகத்தைச் சுளித்தார்.

"இத ஒரு மாசமா தின்னும் நான் சாவலன்னா, இனிமே எனக்குச் சாவே கெடையாது" என்றார். உப்புப் பானையை எடுத்து வரச் சொன்னார். ஓடிப்போய் எடுத்து வந்தேன். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் பானை முதல் முறை என் கைக்கு வந்தபோதுகூட இல்லை.

மறுநாளிலிருந்து டாக்டர் சொன்னபடி நடந்தேன். கொட்டகையில் மணல் கொட்டினோம். முட்டையை மசித்துக் கொடுத்தேன். தினம் பத்தடி, பிறகு இருபதடி என்று பிடித்து நடத்தினேன். தை பிறந்தபோது மாமியார் ஒரு பசுவைக் கறந்தார், மற்றதை எனக்கு விட்டுக்கொடுத்தார். மாமனார் வாசலில் நின்று "இருக்கியா?" என்று கேட்டால் கொட்டகையிலிருந்து பதில் வந்தது.

"இல்லாம எங்க பூட்டேன்? மண்வெட்டி பொழக்கடைல கெடக்குது, எடுத்துக்கினு போ."

அதன் பிறகு ஏழு வருஷம் இருந்தார். அந்தப் பட்டை வில்லியனூர்த் தேருக்குக் கட்டினார், கல்யாணங்களுக்குக் கட்டினார். யாராவது புடவை நன்றாக இருக்கிறதே என்றால், "என் சாவுக்கு எடுத்தது" என்பார். கேட்டவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவருக்கு ஆனந்தம். சரிகை கறுத்து, ஓரம் கிழிந்த பிறகு கொட்டகைக்கும் அதையே கட்டினார். இதற்கு நடுவில் சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். நிமிர்ந்து நடந்த மனுஷன், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். அவருக்கு நாள் குறித்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பால் செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாமியார் தூணில் சாய்ந்தார். கொல்லையிலிருந்து சாப்பிட வந்த மாமனார் வாசலில் நின்று, என்ன தோன்றியதோ, அந்த வேளையில் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"இருக்கியா?"

கொஞ்ச நேரம் நின்றார். மறுபடி கேட்டார். பிறகு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார். நான் கையைத் தூக்கிப் பார்த்தேன். வளையல் முன்கையில் பாதியிலேயே நின்றது.

குளிப்பாட்டி மஞ்சள் பூசிக் கிடத்தினோம். பிறந்த வீட்டுக் கோடி எங்கே என்று பெரியவர்கள் கேட்டார்கள். சித்தப்பாவுக்குப் பிறகு பிறந்த வீட்டில் கோடி எடுக்க யாரும் மிச்சமில்லை. நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அந்த அரக்குப் பட்டை எடுத்து வந்தேன். முந்தின நாள்தான் துவைத்து மடித்து வைத்திருந்தார். சாண வாசனை போகவில்லை.

"கட்டிக் கிழிஞ்ச பொடவயப் போய்க் கோடின்னு போத்துறதா? இது அடுக்குமா?" என்றார் எதிர்வீட்டுப் பெரியம்மா. அவர் அப்போதும் இருந்தார், எல்லோருக்கும் நாள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

"இது வரும்போது கோடிதான் பெரியம்மா" என்றேன். "அவங்க தம்பி இந்தத் தடவ நேரத்துக்குத்தான் கொண்டாந்தாரு. எங்க அத்தைதான் கெளம்பறதுக்கு ஏழு வருஷம் ஆக்கிட்டாங்க."

பெரியம்மா புடவையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனையை நான் பிடித்தேன். இருவருமாகச் சேர்ந்து கால் வரை இழுத்துப் போர்த்தினோம். அது கால் எட்டியது.